‘எனக்கும் அப்படித்தான்’ என்று சொல்லாதீர்கள்

போன மாதம் முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போகிற வழியில் ஒரு இளைஞன் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். என் ஒன்றுவிட்ட தங்கையின் மகன். இடுப்பில் தூக்கி வைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோன பிள்ளை. முகம் தெரிகிறது, வேலை தெரிகிறது, மாமனார் ஊர்கூடத் தெரிகிறது. பேர் மட்டும் வரவில்லை. நான் விழிப்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த ஒருவர் சத்தமாகச் சிரித்தார். “மாமாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சு. வயசாயிடுச்சில்ல!” சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். என் வயதுக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் என் தோளைத் தட்டி, “விடுங்க, எனக்கும் அப்படித்தான்” என்றார்.

சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தோளைத் தட்டினாரே, அவருடைய ஆறுதல்தான் என்னைத் தூங்க விடவில்லை. ஏனென்றால் அதே வார்த்தையை நான் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் ஒரு குடும்பம் மூன்று வருடத்தை இழந்தது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் என் மலையாளக் கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாலும் பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சு வகுப்புகள் தொடர்ந்தன. எங்கள் வகுப்பில் தினமும் ‘திக்தே’ உண்டு. முசே வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். எழுத்தின் தலையில் வைக்கும் சின்னக் கூரையை மறந்தாலும் பிழைதான். மறதி என்பது குற்றம், அதற்குத் தண்டனை உண்டு என்று ஏழு வயதில் எலும்புக்குள் ஏற்றி வைத்தார்கள். பிரெவே முடித்து, 1971-ல் எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகம் முழுவதும் ஆங்கிலமாகிவிட்டிருந்தது. இருபத்தோரு வயதில் ஆங்கிலக் குறிப்பு எழுதப் பழகினேன். தப்புத்தப்பாகத்தான் எழுதினேன். சூப்பிரண்டு சிவப்பு மையில் அடித்துத் திருத்துவார். அப்போது யாரும் எனக்கு மறதி என்று சொல்லவில்லை. ‘பையன் புதுசு, பழகிடுவான்’ என்றார்கள்.

2006-ல், ஐம்பத்தாறு வயதில், மாஹேக்கு மாற்றல் வந்தது. புதுவைக்காரர்களுக்கு இது புரியும். நம் யூனியன் பிரதேசம் நான்கு துண்டு. அதில் மாஹே மேற்குக் கரையில், கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்பது சதுர கிலோமீட்டர். அலுவலகக் கோப்பு ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் மனு கொடுக்க வருகிறவர் மலையாளத்தில் எழுதிக் கொண்டுவருவார், மலையாளத்தில்தான் அழுவார். மொழிபெயர்க்க ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அ, ஆ-வில் தொடங்கினேன்.

தமிழனுக்கு மலையாளம் சுலபம் என்று நினைப்பவர்கள் கற்றுப் பார்க்க வேண்டும். தெரிந்த வார்த்தைதான் காலை வாரும். முதல் மாதமே ஒருவர் “ஒரு அவசரம் தரணம்” என்று கெஞ்சினார். ஏதோ அவசரம் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அவர் கேட்டது வாய்ப்பு. அங்கே ‘அவசரம்’ என்றால் சந்தர்ப்பம். ‘வெள்ளம்’ என்றால் குடிக்கிற தண்ணீர். ‘சம்சாரம்’ என்றால் பேச்சு. “சாரின்டெ சம்சாரம் நன்னாயி” என்று ஒருவர் பாராட்டியபோது, புதுவையில் இருக்கும் என் மனைவியை இவர் எப்போது பார்த்தார் என்று ஒரு கணம் திகைத்தேன்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாததும் ஒன்று நடந்தது. எனக்கு மறதி வந்தது, அதுவும் தமிழில்!

ஆறு மாதம் கழித்து விடுப்பில் வீட்டுக்கு வந்தேன். சாப்பிட உட்கார்ந்து மனைவியிடம் கரண்டி கேட்க வேண்டும். வாயில் ‘தவி’ வந்தது. அது மலையாளக் கரண்டி. அதைத் தள்ளிவிட்டுத் தேடினால் ‘லூஷ்’ வந்தது. அது பிரெஞ்சுக் கரண்டி, நாற்பது வருடமாக நான் உச்சரிக்காத சொல். தமிழ் வார்த்தை வரவே இல்லை. ‘லூஷ்’ என்று சொல்லியும்விட்டேன். “யாரைங்க லூசுன்றீங்க?” என்று மனைவி சண்டைக்கு வந்தாள். அப்போது சிரித்தோம். ராத்திரி படுத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மொழி தெரிந்தவன், நான்காவதைத் தொட்டதும் தாய்மொழியில் கரண்டியைத் தொலைத்துவிட்டேன். கோப்பு எண் மறந்தது, சாவி மறந்தது, பக்கத்து வீட்டுக்காரர் பேர் மறந்தது. ‘இதுதான் ஆரம்பமோ?’ என்று பயந்தேன். ஐந்து பிழைக்குப் பூஜ்யம் போட்ட முசே தலைக்குள் வந்து நின்றார்.

அந்தப் பயத்திலிருந்து என்னை மீட்டது எங்கள் அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்த ஒரு மலையாளி அம்மாள். மதிய வேளையில் எனக்குப் பத்து வார்த்தை சொல்லிக் கொடுப்பார். மறுநாள் கேட்பார். ஏழு போயிருக்கும். “சாரே, மறந்நு போயோ?” என்பார். நான் தலை குனிவேன். உடனே சொல்வார்: “சாரமில்ல. நாளெ பறயாம்.” பரவாயில்லை, நாளைக்குச் சொல்லலாம். இருபது வருடம் ஆகப் போகிறது. அவர் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளில் பாதி போய்விட்டது. ‘சாரமில்ல’ மட்டும் போகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1885-ல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் மறதியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னைத்தானே சோதித்தவர். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது, மிச்சம் மெதுவாகக் கரைகிறது, ஆனால் அதையே திரும்பப் படிக்கும்போது முதல் தடவையைவிடக் குறைந்த நேரம் போதும் என்று கண்டார். கவனியுங்கள். சோதனை செய்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான். பத்தில் ஏழு போவது கிழவனின் மூளை செய்யும் வேலை அல்ல. மனித மூளையே அப்படித்தான். முப்பது வயதில் அதற்குப் பேர் ‘படிப்பு’. ஐம்பத்தாறில் அதே காரியத்துக்குப் பேர் ‘வயசு’.

தமிழ்க் கரண்டி தொலைந்ததற்கும் விளக்கம் உண்டு. 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களைப் படங்களைப் பார்த்து ஸ்பானிய மொழியில் பேர் சொல்லச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப அப்படிச் சொன்ன பிறகு, அதே பொருளின் ஆங்கிலச் சொல் அவர்களுக்கே எட்டாமல் போனது. புதுச் சொல் வெளியே வர வேண்டுமானால் பழைய சொல்லை மூளை கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கிறது. அமுக்கியதுதான், அழித்ததல்ல. கரண்டி அன்று ராத்திரி பத்து மணிக்குத் தானாக வந்தது. கல்லூரி மாணவனுக்கு நடப்பதுதான் எனக்கும் நடந்தது.

வயது ஒன்றுமே செய்யாது என்று நான் வாதாடவில்லை. செய்யும். பேர்கள் நாக்கு நுனியில் நிற்கும், வருவதற்கு நேரமாகும். இருபதில் ஒரு மாதத்தில் படித்ததை ஐம்பத்தாறில் படிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. ஆனாலும் படித்தேன். மாஹேயிலேயே பிறந்த எம். முகுந்தன், அந்த ஊரின் பிரெஞ்சுக் காலத்தை வைத்து 1974-ல் எழுதிய ‘மய்யழிப்புழையுடெ தீரங்ஙளில்’ நாவலை, விரல் வைத்து எழுத்துக் கூட்டி, ஒன்றரை வருடத்தில் மலையாளத்திலேயே முடித்தேன். அதில் வருகிற முசேக்களும் மதாம்களும் என் தெரு ஆட்கள் மாதிரியே இருந்தார்கள்.

ஆகவே நம் வயதுக்காரர்களுக்கு முதல் கண்டனம். ‘இந்த வயசுல எதுக்குங்க, மண்டையில ஏறாது’ என்று சொல்லித் திண்ணையில் உட்காருகிறோமே, அது பொய். ஏறுகிறது. இறங்கவும் செய்கிறது. இறங்குவதைப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்றுதான் நமக்குப் பயம். மருமகள் தெலுங்கு, பேரன் பேசுவது பிரெஞ்சு, வீட்டு வேலைக்கு வருகிற பெண் பேசுவது இந்தி என்று ஆகிப்போன காலத்தில், பிழைக்குப் பயந்து வாய் திறக்காமல் இருப்பது நம் வீட்டிலேயே நாம் ஊமையாவது.

இனி, சொல்லத் தயங்குகிற பகுதிக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு நண்பன் இருந்தான். ஒரே பெஞ்சு, ஒரே திக்தே. வேலைக்கும் ஒரே வருடத்தில் சேர்ந்தோம். பிழையே விடாதவன். சூப்பிரண்டாக இருந்தபோது, எந்தக் கோப்பு எந்த பீரோவில் எந்தத் தட்டில் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வான். 2007 பொங்கலுக்கு மாஹேயிலிருந்து வந்தபோது அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். “அண்ணே, போன வாரம் பெரிய மார்க்கெட்டுக்குப் போனவரு வீட்டுக்கு வரத் தெரியாம உப்பளம் பக்கம் போய் நின்னுட்டாரு. ஒரே குறிப்பை ரெண்டு தரம் எழுதி அனுப்பிட்டாருன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

முத்தியால்பேட்டை வடக்கே, உப்பளம் தெற்கே. முப்பது வருடமாக நடந்த வழி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்தேன். “எனக்கும் அப்படித்தான்மா. கரண்டிக்குப் பேர் தெரியாம இவளை லூசுன்னுட்டேன். வயசும்மா, வேற ஒண்ணுமில்ல” என்றேன். அந்த அம்மா முகத்தில் நிம்மதி வந்தது. என் கண் முன்னால் வந்தது. படித்தவர், அண்ணன் மாதிரி, அவரே சொல்லிவிட்டார் என்ற நிம்மதி.

அதற்கப்புறம் மூன்று வருடம் யாரும் மருத்துவரிடம் போகவில்லை. அவன் பணத்தை எங்கோ வைத்துவிட்டு மகன் எடுத்தான் என்று சண்டை போட்டான். ‘இந்த வயசுல இவ்வளவு கோபம் ஆகாது’ என்று வீட்டில் திட்டினார்கள். 2010-ல் ஓய்வு பெறும் சமயத்தில் பென்ஷன் படிவத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். அதற்குள் அவன் கையெழுத்து அவனுக்கே சொந்தமில்லாமல் போய்விட்டது. ஒரு வங்கி அவன் கணக்கில் பணம் எடுக்க விடவில்லை. வீட்டுப் பத்திரத்தில் தன் விருப்பத்தைச் சொல்லும் நிலையில் அவன் இல்லை. பிள்ளைகளுக்குள் வழக்கு வந்தது.

அந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. எனக்குத் தெரியும். முன்னாலேயே போயிருந்தாலும் அவன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோய் என்று தெரிந்திருந்தால் அந்த மூன்று வருடம் அவனைத் திட்டியிருக்க மாட்டார்கள். கூட்டுக் கணக்கு, நாமினேஷன், உயில் எல்லாவற்றையும் தெளிவு இருக்கும்போதே தன் கையால் முடித்திருப்பான். நாற்பது வருடம் மற்றவர்கள் காகிதத்தைச் சரிபார்த்தவன், தன் காகிதத்தைச் சரிபார்க்க முடியாமல் போனான். அந்த வாய்ப்பை, மலையாளக்காரர் சொல்லும் அந்த ‘அவசரத்தை’, என் ஒரு வார்த்தை பறித்துவிட்டது.

என் மறதியும் அவன் மறதியும் ஒன்றல்ல. நான் கரண்டியைத் தேடினேன். தொலைந்தது தெரிந்தது, தவித்தேன், பயந்தேன், ராத்திரிக்குள் கிடைத்தது. அவன் தேடவில்லை. உப்பளத்தில் நின்றபோது வழி தவறியதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. கவலைப்பட்டது அவன் மனைவி. தனக்கு மறதி என்று தானே புலம்புகிறவரைவிட, தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்ல வீட்டார் கவலைப்படுகிறாரே, அவர் விஷயத்தில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். இது எல்லாருக்கும் அப்படியே பொருந்தும் சட்டமில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். பந்தியில் உட்கார்ந்திருக்கும் நாம் அல்ல.

இன்னொன்று. மருத்துவரிடம் போனால் எல்லாம் அந்தப் பெரிய நோயாகவே இருக்க வேண்டியதில்லை. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள் என்று மறதி கொண்டுவரும் காரணங்கள் பல. இவற்றில் பலவற்றைச் சரி செய்யலாம். காது கேளாமையும் உண்டு. காதில் விழாத பேரை மூளை எங்கே போய் நினைவில் வைக்கும்? 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, கேட்புக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை உட்பட 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கவனித்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று சொன்னது. ‘வயசு’ என்று முத்திரை குத்தி அனுப்புகிறவர் இந்தக் கதவுகளை எல்லாம் சாத்துகிறார்.

கடைசியாக வியாபாரிகள். ‘தினம் பதினைந்து நிமிடம் புது மொழி படியுங்கள், மறதி நோய் கிட்டே வராது’ என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. நண்பர்கள் எனக்கே அனுப்புகிறார்கள், நான் மலையாளம் படித்தவன் என்பதால். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2013-ல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. நல்ல ஆய்வு. 648 நோயாளிகளைப் பார்த்து, இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு டிமென்ஷியா சுமார் நாலரை வருடம் தாமதமாக வந்திருக்கிறது என்று கண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. ஆனால் படித்துப் பாருங்கள். அந்த 648 பேருமே நோயாளிகள். இருமொழிக்காரர்களுக்கும் நோய் வந்துதான் இருக்கிறது. அவர்கள் வாழ்க்கையில் இரண்டு மொழியும் புழங்கியவர்கள். அறுபத்தைந்தில் சந்தா கட்டி வார்த்தைப் படம் பார்த்தவர்களைப் பற்றி அந்த ஆய்வு பேசவே இல்லை. என் நண்பனுக்குத் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் சுத்தமாக வரும். மொழி தடுப்பூசியாக இருந்தால் அவன் இன்று என்னோடு கடற்கரையில் நடந்துகொண்டிருப்பான்.

மொழியை மாத்திரையாக விற்பவர்கள் இன்னொரு கெடுதலும் செய்கிறார்கள். நோய் வந்தவனைப் பார்த்து, ‘மூளைக்கு வேலை கொடுத்திருந்தால் வந்திருக்காது’ என்று சொல்ல வைக்கிறார்கள். நோயாளி மேல் பழியைப் போடும் அந்தப் பேச்சை என் காதால் கேட்டேன், அவன் வீட்டு வாசலிலேயே. மொழி படிக்க வேண்டியது பேசுவதற்கு ஆள் இருப்பதால். அது போதுமான காரணம்.

கடைசி வருடங்களில் அவனைப் பார்க்க ஞாயிறுதோறும் போவேன். என்னை யாரென்று தெரியாது. தமிழில் கேட்டால் பதில் இருக்காது. ஒரு நாள் சும்மா பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினேன். ‘காத்ர், சேங்க்’ என்று அவன் பிடித்துக்கொண்டான். இருபது வரை போனான், ஒரு பிழை இல்லாமல். சில நாள் பன்னிரண்டில் நின்றுவிடும். என் முகத்தைப் பார்ப்பான், அடி விழும் என்று பார்க்கிற சின்னப் பையன் மாதிரி. “சாரமில்லடா, நாளைக்குச் சொல்லலாம்” என்பேன். 2017-ல் போய்விட்டான்.

வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் என் வயதுக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பெரியவர் ஒரு வார்த்தையைத் தேடினால் காத்திருங்கள். எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். வரும். அவர் வழியைத் தொலைத்தால், ஒரே காரியத்தை இரண்டு தரம் செய்தால், குணம் மாறினால், ஆறுதல் சொல்லாதீர்கள். ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தைரியமாகக் கூட நடந்து போங்கள்.

கல்யாணத்தில் மறந்துபோன பேர் அன்று சாயங்காலம் காப்பி குடிக்கும்போது வந்தது. உடனே போன் செய்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். “மாமா, இதுக்காகவா போன் பண்ணீங்க?” என்றான். ஆமாம், அதுக்காகத்தான். என் தோளைத் தட்டிய நண்பருக்கும் போன் செய்தேன். அவருக்கு எந்த மாதிரி மறதி என்று விசாரித்தேன். பேர்தான் மறக்கிறது என்றார் அவர். போனை அவர் மனைவியிடம் கொடுக்கச் சொல்லி, அவரிடமும் ஒரு தரம் கேட்டுக்கொண்டேன்.